ஓய்வுக்குப் பிறகு வரும் நோய்

ரயில் பெட்டிகளை இணைக்கும்போது கை நசுங்கிப் போகும் தொழிலாளி, சட்டத்தின் கண்ணில் உடனே படுகிறார். விபத்து நடந்த நாள், நேரம், இடம், உடனிருந்தவர்களின் பெயர் என்று எல்லாமே பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. இழப்பீட்டுத் தொகை போதுமா, போதாதா என்பதில் வழக்கு வரலாம். விபத்து நடந்ததா, இல்லையா என்பதில் வழக்கு வருவது அரிது. ஆனால், 30 ஆண்டுகள் எஞ்சின் கொட்டகையில் புகையையும் தூசியையும் சுவாசித்துவிட்டு, ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் கழித்து மூச்சுத் திணறலுடன் மருத்துவமனை வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு, சுட்டிக்காட்ட அப்படியொரு நாள் இல்லை, சாட்சியும் இல்லை. அவரது நோய் முதுமையின் கணக்கிலோ, புகைப்பழக்கத்தின் கணக்கிலோ எழுதப்பட்டு, கோப்பு மூடப்பட்டு விடுகிறது.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலச் சட்டத்தைத் திருத்தி எழுதும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. அந்த வாய்ப்பு கிடைத்தபோதும், வேலையால் வரும் நோயை விபத்தைப் போலவே நடத்தும் பழைய பார்வை மாறவில்லை என்பதுதான் வேதனைக்குரியது. நாட்டின் மிகப்பெரிய வேலை அளிப்போரில் ஒன்றான ரயில்வே துறையில், ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களும், ஓய்வு பெற்றுச் சென்றவர்களும், ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தப் பார்வையின் விளைவைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் முற்றிலும் கருணையற்றது என்று கூறிவிட முடியாது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும், அதன் மூன்றாவது அட்டவணையும் தொழில்சார் நோய்களைத் தெளிவாகவே அங்கீகரித்தன. ஈய நச்சு, பென்சீன் நச்சு, இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸால் உண்டாகும் நுரையீரல் புற்றுநோய், சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் ஆகியவை அந்த அட்டவணையில் இடம்பெற்றன. பட்டியலில் உள்ள நோய் ஒன்று, அதற்குரிய வேலையில் இருந்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்தது என்றே கருதப்படும். அல்ல என்றால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வேலை அளித்தவருடையது. அலுவலகங்களில் நிரந்தரமாகப் பணியாற்றுவோர் நீங்கலாக, ரயில்வே ஊழியர்கள் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருந்தனர். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தக் கட்டமைப்பையே பெருமளவில் பின்பற்றுகிறது.

சிக்கல் காலக்கணக்கில்தான் தொடங்குகிறது. விபத்து நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. நோயைப் பொருத்தவரை, தொழிலாளி நோயின் காரணமாகத் தொடர்ந்து வேலைக்கு வராமல் போன முதல் நாளே விபத்து நேர்ந்த நாளாகக் கருதப்பட்டது. வேலையிலிருந்து நின்ற பிறகு நோய் வெளிப்பட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு விதி இருந்தது. வேலையிலிருந்து நின்ற இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறிகள் தோன்றினால், அவை முதலில் கண்டறியப்பட்ட நாள் விபத்து நாளாக எடுத்துக்கொள்ளப்படும் என்றது அந்த விதி. மூன்றாம் ஆண்டில் அறிகுறி தோன்றினால்? பத்தாம் ஆண்டில் தோன்றினால்? தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்பது மட்டுமே ஆறுதல். உரிமையாக இருக்க வேண்டியது, அதிகாரியின் மனமிரங்கலைச் சார்ந்த சலுகையாகச் சுருங்கிவிட்டது.

மருத்துவ அறிவியல் கூறும் காலக்கணக்கோ வேறு. கல்நார் இழைகள் நுரையீரலுக்குள் சென்று தங்கி, நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகின்றன. நுரையீரலைச் சூழ்ந்துள்ள உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்கிற புற்றுநோய், கல்நாருடன் ஏற்பட்ட தொடர்பு முடிந்து பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். சிலிக்கோசிஸும் வேலையை விட்ட பிறகும் தொடர்ந்து முற்றக்கூடிய நோய். 40 வயதில் ஒருவர் சுவாசித்த தூசி, அவரது 70 வயதில் நோயாகலாம். அவர் ஓய்வு பெறுவதோ 60 வயதில். நோய் எப்போது வரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களோ, அப்போது சட்டத்தின் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

பிரிட்டனின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. அங்கே ஸ்விண்டன், யார்க் ஆகிய நகரங்களில் ரயில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் கட்டிய புகழ்பெற்ற பணிமனைகள் இருந்தன. எஞ்சின் கொதிகலன்களின் மீது வெப்பக் காப்பாகவும், பெட்டிகளின் சுவர்களில் தெளிப்பாகவும் கல்நார் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. ஸ்விண்டன் பணிமனை 1986-ஆம் ஆண்டிலும், யார்க் பெட்டித் தொழிற்சாலை 1996-ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. ஆனால், அங்கு பணியாற்றியவர்களின் மரணங்கள் நிற்கவில்லை. மீசோதீலியோமாவை 'ஸ்விண்டன் நோய்' என்றே மக்கள் அழைக்கும் அளவுக்கு அந்த ஊரின் குடும்பங்கள் அதை அறிந்திருந்தன. பிரிட்டன் சட்டத்தில், உடல்நலக் கேடு தொடர்பான வழக்கின் மூன்று ஆண்டுக் காலவரம்பு, பாதிக்கப்பட்டவர் தனது பாதிப்பை அறிந்த நாளிலிருந்தும் கணக்கிடப்படலாம். பணியமர்த்திய நிறுவனத்தையோ, அதன் காப்பீட்டு நிறுவனத்தையோ கண்டுபிடிக்க முடியாத மீசோதீலியோமா நோயாளிகளுக்காக 2014-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இன்னும் முன்பே விடை கிடைத்துவிட்டது. அங்கு ரயில்வே தொழிலாளர்களுக்கென்றே 1908-ஆம் ஆண்டில் வேலை அளிப்போர் பொறுப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. நீராவி எஞ்சினில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நெருப்பிடும் தொழிலாளியாக இருந்த ஒருவர், சக்கரங்கள் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவப்பட்ட மணலின் தூசியால் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளானார். 'காலவரம்பு கடந்துவிட்டது, தவிரவும் நோய் என்பது விபத்தல்ல' என்று ரயில்வே நிறுவனம் வாதிட்டது. 'யூரி எதிர் தாம்சன்' என்ற அந்த வழக்கில் 1949-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த இரண்டு வாதங்களையும் நிராகரித்தது. தன் உடலுக்குள் நோய் வளர்வதை அறியாத தொழிலாளியின் அறியாமையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. நோய் வெளிப்பட்ட நாளிலிருந்தே காலக்கணக்கு தொடங்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கல்நார் நோய்க்கு ஆளான முன்னாள் ரயில்வே தொழிலாளர்கள், தங்களுக்குப் புற்றுநோயும் வந்துவிடுமோ என்ற நியாயமான அச்சத்துக்காகவும் இழப்பீடு கோரலாம் என்று 2003-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் கூறியது.

அமெரிக்க முறையை அப்படியே இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய வேண்டும் என்று எவரும் கோர வேண்டியதில்லை. அங்கு நிறுவனத்தின் கவனக்குறைவைத் தொழிலாளி நிரூபித்தாக வேண்டும், வழக்குகள் நீள்கின்றன, வழக்கறிஞர் கட்டணத்தில் இழப்பீட்டின் கணிசமான பகுதி கரைகிறது. கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லாத இந்தியச் சட்டம் அந்த வகையில் மேலானது. ஆனால், நோயை அறிந்த நாளிலிருந்து காலத்தை எண்ணும் எளிய நியாயத்தை 1949-ஆம் ஆண்டிலேயே அங்கு ஏற்றுக்கொள்ள முடிந்ததென்றால், இங்கு இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதற்கு ஏன் தயக்கம் என்கிற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இத்தனைக்கும் இந்தியாவின் உச்சநீதிமன்றம் வழி காட்டாமல் இல்லை. ஆமதாபாதைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரி 27-ஆம் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பு, பணியில் இருக்கும்போது மட்டுமல்லாமல் ஓய்வுக்குப் பிறகும் தொழிலாளியின் உடல்நலத்துக்கான உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின்கீழ் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. கல்நார் தொழிலில் உள்ள ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் வரையிலோ, ஓய்வு பெற்ற பிறகு 15 ஆண்டுகள் வரையிலோ, இவற்றில் எது பிந்தையதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நோய் உறுதி செய்யப்படும் தொழிலாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் கூறியது. 2011-ஆம் ஆண்டில் கல்நாருக்குத் தடை கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தபோதும், 1995-ஆம் ஆண்டின் உத்தரவுகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. கல்நாரைத் தயாரிக்கும் ஆலைகளை மனத்தில் கொண்டு பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகள் அவை. கல்நாரையும் அதற்கு நிகரான நச்சுகளையும் கையாண்ட ரயில்வே பணிமனைகளுக்கு அவற்றின் நியாயம் பொருந்தாது என்று யாராவது கூற முடியுமா?

ரயில்வேயின் நிலைமையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ஆம் ஆண்டில் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் ஈடுபடுவோரின் உடல்நலப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், அதைத் தொழிலாளி பார்க்க அனுமதிக்க வேண்டும் என்கிற விதிகள் அப்போதுதான் வந்தன. ஆனால், 'தொழிற்சாலை' என்பதற்கு அந்தச் சட்டம் தந்த விளக்கத்திலேயே, 'ரன்னிங் ஷெட்' எனப்படும் ரயில் எஞ்சின் கொட்டகைக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே விலக்கைத் தொடர்கிறது. எஞ்சின்கள் இயங்கும் நிலையில் நிறுத்தப்பட்டு, எண்ணெயும் புகையும் தூசியும் ஒருசேரப் பரவும் இடத்தையே விலக்கி வைத்திருப்பது எந்த வகையில் நியாயம் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள்தான் விளக்க வேண்டும்.

டீசல் புகையின் கதை இன்னும் கவலை தருவது. உலக சுகாதார அமைப்பின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012-ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கல்நாரும் அதே பிரிவில்தான் உள்ளது. அந்த முடிவுக்கு உதவிய சான்றுகளில், அமெரிக்க ரயில்வே தொழிலாளர்களிடம் பல ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வுகளும் அடங்கும். ஆனால், இந்தியச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் டீசல் புகையால் வரும் நுரையீரல் புற்றுநோய் தனியாக இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு கோரினால், குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேரடி விளைவு அது என்று நிரூபிக்க வேண்டும் என்பதே 1923-ஆம் ஆண்டிலிருந்து வந்த விதி. முப்பது ஆண்டுப் புகைக்கு எந்த நாளை விபத்தாகக் காட்டுவது?

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் முறையும் காலத்துக்கு ஏற்றதாக இருக்கவில்லை. இழப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில்தான் 8,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போதே, ஏழாவது ஊதியக் குழுவின்படி ரயில்வேயின் கடைநிலை ஊழியரின் அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். அதாவது, ரயில்வேயில் யாருமே வாங்காத குறைந்த ஊதியத்தை வாங்கியதாகக் கற்பனை செய்துதான் அவர்களுக்கான இழப்பீடு கணக்கிடப்பட்டது. ரயில் விபத்தில் உயிரிழக்கும் பயணிக்கான இழப்பீடு 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டது. யார் மீது தவறு என்று கேட்காமல் அது வழங்கப்படுகிறது. அது வரவேற்கத்தக்கது. அந்தப் பயணி பாதுகாப்பாகச் செல்வதற்காகத் தன் நுரையீரலைப் பணயம் வைத்த தொழிலாளிக்கும் அதே எளிமையும் வேகமும் வேண்டும் என்பதே கோரிக்கை.

இதற்கு எதிராக எழுப்பப்படும் வாதங்கள் புதியவை அல்ல. புகைபிடிப்பவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறதே, மாசடைந்த நகரங்களில் வாழ்வோருக்கும் மூச்சுக் கோளாறு வருகிறதே, வேலைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று நிர்வாகத் தரப்பு கேட்கும். கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், மீசோதீலியோமாவுக்கு மிகப் பெரும்பாலும் கல்நாரே காரணம், புகைப்பழக்கம் அல்ல. நுரையீரல் புற்றுநோயைப் பொருத்தவரை, கல்நாரும் புகைப்பழக்கமும் சேரும்போது ஆபத்து பல மடங்கு பெருகுகிறது. எனவே புகைபிடித்தவர் என்பதாலேயே ஒருவரின் கோரிக்கையைப் புறந்தள்ளுவது மருத்துவத்துக்கும் பொருந்தாது. ஐயம் எழுந்தால் அதன் பலனைத் தொழிலாளிக்கு அளிக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருந்தாது. அனைவரும் இழப்பீடு கேட்டால் நிதிச்சுமை தாங்காது என்பது இன்னொரு வாதம். அந்தச் சுமை இப்போதும் இல்லாமல் போய்விடவில்லை. அதை நோயாளியின் குடும்பம் சுமக்கிறது.

உண்மையில், இந்தப் பிரச்னைக்குத் தீர்வு காண்பதில் இந்திய ரயில்வேக்கு உள்ள வசதி வேறு எந்த நிறுவனத்துக்கும் இல்லை. தனியார் ஆலை மூடப்பட்டால் அதன் ஆவணங்களும் மறைந்துவிடும். ரயில்வே மூடப்படப் போவதில்லை. 1862-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜமால்பூர் பணிமனையிலிருந்து வாராணசி, பெரம்பூர், பொன்மலை வரையிலும் யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்பது அவரது பணிப் பதிவேட்டில் இருக்கிறது. ரயில்வேக்கெனத் தனி மருத்துவமனைகள் உள்ளன. ஓய்வு பெற்றவர்கள் பலரும் சிகிச்சைக்கு அங்குதான் வருகின்றனர். ஓய்வூதியத்தைக் கணக்கிடுவதும் அதே நிர்வாகம். வேலை விவரம் ஒரு கோப்பிலும், நோய் விவரம் இன்னொரு கோப்பிலும் ஒரே நிர்வாகத்திடம் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்கிற முனைப்பு மட்டுமே தேவை. நுரையீரல் நோயுடன் வரும் முதியவரிடம், 'எந்த ஷெட்டில், என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்வதற்குச் செலவு எதுவும் ஆகாது.

இதில் காலதாமதம் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. நீராவி எஞ்சின்கள் 1990-களின் இறுதிக்குள் வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றன. அகல ரயில் பாதைகள் ஏறத்தாழ முழுமையாக மின்மயமாகிவிட்ட நிலையில், டீசல் எஞ்சின்களின் காலமும் முடிவை நெருங்குகிறது. டீசல் கொட்டகைகள் மின்சார எஞ்சின்களுக்காக மாற்றப்பட்டு வருகின்றன. மாற்றம் நல்லதே. ஆனால், கொட்டகையின் பயன்பாடு மாறும்போது பழைய பதிவேடுகள் குப்பைக்குப் போகும் அபாயமும் சேர்ந்தே வருகிறது. அங்கு கடைசியாகப் பணியாற்றிய தலைமுறையின் நோய்கள் இனிமேல்தான் வெளிப்படப் போகின்றன. நோய் வரும்போது சான்று இருக்க வேண்டுமானால், அதை இப்போதே பாதுகாத்தாக வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இதைவிட மோசம். நடைமேடைக் கூரைகளின் பழைய கல்நார்த் தகடுகளைப் பிரிப்பது, பெட்டிகளுக்கு வண்ணம் பூசுவது, ஜல்லி கொட்டுவது என்று தூசியும் நச்சும் மிகுந்த வேலைகள் ஒப்பந்தக்காரர்களிடம் விடப்படும்போது, அவற்றைச் செய்பவர்களுக்குப் பணிப் பதிவேடும் இல்லை. ரயில்வே மருத்துவமனையும் இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை வாங்கினாலும் முதன்மை வேலையளிப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் தொழிலாளியின் பெயரும் மறைந்துபோனால், அந்தப் பொறுப்பைப் பத்தாண்டுகள் கழித்து யாரிடம் கேட்பது?

செய்ய முடியாதது எதுவுமில்லை என்பதை மாநிலங்கள் உணர்த்தியிருக்கின்றன. குஜராத்தின் கோத்ராவில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை பார்த்து, சிலிக்கோசிஸால் உயிரிழந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2016 மே மாதத்தில் குஜராத் அரசுக்கு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ராஜஸ்தான் அரசு 2019-ஆம் ஆண்டில் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மருத்துவக் குழு நோயை உறுதி செய்தாலே நிவாரணம் கிடைக்க அது வழி செய்தது. எந்தக் குவாரியில், எந்த முதலாளியிடம் வேலை பார்த்தோம் என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லாத ஏழைகளுக்கே வழி காண முடிந்திருக்கிறது. பணிப் பதிவேடும், ஓய்வூதியப் புத்தகமும் கையில் வைத்திருக்கும் ரயில்வே தொழிலாளிக்கு வழி காண முடியாதா?

மத்திய அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. தொழில்சார் நோய்க்கான காலவரம்பு, அந்த நோய் வேலையால் வந்தது என்பதைத் தொழிலாளி மருத்துவர் மூலம் அறிந்த நாளிலிருந்தே தொடங்கும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைத் திருத்த வேண்டும். டீசல் புகையால் வரும் நுரையீரல் புற்றுநோயை அட்டவணையில் சேர்க்க வேண்டும். ரன்னிங் ஷெட்டுகளுக்கான விலக்கை நீக்க வேண்டும். 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்கிற புதிய ஏற்பாடு, நச்சுப் பொருள்களுக்கு ஆட்பட்ட வேலைகளைச் செய்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் தொடர வேண்டும். ரயில்வே அமைச்சகமோ, சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. உச்சநீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் வகுத்த 40 ஆண்டுப் பதிவேட்டு விதியைத் தனது பணிமனைகளிலும், கொட்டகைகளிலும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்பட அனைவருக்கும் ஒரு சுற்றறிக்கை மூலமே நடைமுறைப்படுத்திவிட முடியும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊதியம், போனஸ், ஓய்வூதியம் ஆகியவற்றுக்காகப் போராடி வென்ற வரலாறு ரயில்வே தொழிற்சங்கங்களுக்கு இருக்கிறது. உறுப்பினரின் சந்தா நின்ற பிறகு அவருக்கு வரும் நோயும் தங்களது பிரச்னைதான் என்பதை அவை உணர வேண்டும்.

அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில், தனியாருக்கு முன்மாதிரியாக அது நடந்துகொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்தி வந்திருக்கும் நெறி. இரண்டு ஆண்டுக் காலக்கெடுவைக் காட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தான் கொடுத்த நோய்க்கு அரசு பொறுப்பேற்க மறுக்குமானால், அந்த நெறிக்குப் பொருள் ஏதுமில்லை. டீசல் கொட்டகைகள் முற்றாக மாறி, அவற்றின் பதிவேடுகள் காணாமல் போவதற்கு முன்பாக, இந்தத் தவறைத் திருத்திக்கொள்ள அரசு முன்வர வேண்டும்.